பயத்தின் வேரை ஃப்ராய்டின் வழியில் தேடுவது எப்படி?

முதலில் பயப்படும் பொருளை விட்டுவிடுங்கள். அந்தப் பயம் தொடங்கிய காலத்தில் யார்மேல் கோபம் இருந்தது, எதை வெளியே சொல்ல முடியவில்லை என்று எழுதிப் பாருங்கள், ஏனென்றால் உளப்பகுப்பாய்வு முறையை உருவாக்கிய மருத்துவர் ஃப்ராய்டின் கருத்துப்படி மனம் தாங்க முடியாத உணர்வை அடக்கிவிட்டு அதன் பதற்றத்தை வேறொன்றின்மேல் ஏற்றிவிடுகிறது. 1909இல் அவர் எழுதிய ஆய்வில் வரும் ஐந்து வயதுச் சிறுவன் ஹான்ஸ் குதிரைக்குப் பயந்தான். அது அப்பா மீதான பயம் என்றார் ஃப்ராய்டு. குதிரையைத் தவிர்க்கலாம், அப்பாவைத் தவிர்க்க முடியாதே! அப்புறம், பொருளுக்கும் ஆளுக்கும் என்ன ஒற்றுமை என்று பாருங்கள். குதிரையின் வாயைச் சுற்றிய கறுப்பு, அப்பாவின் மீசை.

ஆனால் ஹான்ஸ் ஒரு குதிரை விழுந்ததை நேரில் பார்த்தவன். எனவே நேரடி அனுபவத்தையும் கட்டாயம் தேடுங்கள், எனக்கு அதுதான் வலுவான விளக்கமாகப் படுகிறது. பயம் அன்றாட வாழ்க்கையை முடக்கினால் தனியாகத் தோண்டாமல் உளவியலாளரிடம் போங்கள்.