சேலத்துக் காலைப் புகை: நாம் வழக்கமாகச் செய்யும் தவறுகள்

தை மாத விடியலில் ஏற்காடு லேடீஸ் சீட் காட்சிமுனையில் நின்று கீழே பார்த்திருக்கிறீர்களா? தலைக்கு மேல் வானம் கழுவிவிட்டது போல இருக்கும். கீழே சேலம் தெரியாது. பழுப்பாக ஒரு போர்வை ஊர்மேல் படுத்திருக்கும், அதன் மேல்பக்கம் மட்டம் பார்த்துப் பூசிய தளம் போல நேராக இருக்கும். எங்கோ ஒரு புகைபோக்கியிலிருந்து கிளம்பும் புகை கொஞ்சம் மேலே வந்து, கூரையில் முட்டிக்கொண்டது போலப் பக்கவாட்டில் பரவும்.

ஊருக்குள் நாம் அதைத்தான் "இன்னைக்கு நல்ல பனி" என்கிறோம். முதல் தவறே இதுதான். மார்கழி, தையில் பனி உண்டு, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் பனிக்கு வாடை கிடையாது. கருகல் வாடை அடித்து, தொண்டை கரகரத்தால் நீங்கள் பார்ப்பது பனியில் கலந்த புகை.

சேலம் ஒரு சட்டி. வடக்கே நகரமலையும் சேர்வராயனும், தெற்கே ஜருகுமலை, மேற்கே கஞ்சமலை, கிழக்கே கோதுமலை. இரவில் தரை குளிரும்போது அதை ஒட்டிய காற்றும் குளிர்ந்து கனத்துவிடும். மலைச்சரிவில் குளிர்ந்த காற்றும் வழிந்து வந்து சட்டியின் அடியில் தேங்கும். அதற்கு மேலே இருப்பது சூடான காற்று. கனத்த காற்று தானாக மேலே எழும்பாதே! எனவே ராத்திரி முழுக்க நாம் விட்ட புகை, தூசு எல்லாம் மூடிபோட்ட சட்டிக்குள் கிடக்கும். வெயில் ஏறித் தரை சுட ஆரம்பித்த பிறகுதான், ஒன்பது பத்து மணிவாக்கில், மூடி திறக்கும்.

"காலங்காத்தால காத்து சுத்தமா இருக்கும்டா" என்று என் அப்பா ஐந்து மணிக்கே நடக்கக் கிளம்பிவிடுவார். பங்குனி, சித்திரைக்கு அது சரி. மார்கழியில் அந்த நேரம்தான் ஆக மோசம். ஆஸ்துமா, இதயக் கோளாறு உள்ளவர்கள் பனிக்காலத்தில் மட்டுமாவது நடையைச் சாயங்காலம் நாலரைக்கு மாற்றிக்கொள்ளலாம். வீட்டு ஜன்னலுக்கும் இதே கணக்குதான். ஆறு மணிக்கு எல்லாவற்றையும் திறந்துவைப்பதைவிட, பதினொன்றிலிருந்து நாலுக்குள் திறப்பது நல்லது.

அடுத்தது கொளுத்துவது. அறுவடை முடிந்ததும் கரும்புச் சோகை, மக்காச்சோளத் தட்டு, வரப்புக் குப்பை எல்லாவற்றுக்கும் பொழுது சாயும் நேரத்திலோ விடியற்காலையிலோ தீ வைக்கிறோம். காரணம் கேட்டால், "அப்போதான் காத்து அடிக்காது, தீ பக்கத்துக் காட்டுக்குத் தாவாது" என்பார்கள். பயம் நியாயமானது. ஆனால் காற்று அடிக்காத நேரம் என்றால் புகையும் நகராத நேரம் என்றுதானே அர்த்தம்? மாலை ஆறு மணிக்கு வைத்த தீயின் புகை மறுநாள் காலை பள்ளிக்கூடம் போகும் பிள்ளையின் மூக்கில் ஏறும். அதற்காக மத்தியானக் காற்றில் கொளுத்தச் சொல்லவில்லை, அது வேறு ஆபத்து. சோகையைக் கரும்பு வரிசைகளுக்கு நடுவே பரப்பினால் ஈரம் காக்கும், களை குறையும், மக்கி மண்ணுக்குச் சேரும். எரித்தால் அதிலுள்ள தழைச்சத்து புகையோடு போய்விடும், அப்புறம் அதையே யூரியா மூட்டையாகக் காசு கொடுத்து வாங்க வேண்டும். மக்காச்சோளத் தட்டைக் கொளுத்துவது எனக்குப் புரிந்ததேயில்லை. மாடு வைத்திருக்கும் பக்கத்து வீட்டுக்காரரிடம் ஒரு வார்த்தை சொன்னால் வண்டி கட்டிக்கொண்டு வந்து ஏற்றிப் போவார்.

போகிக்கும் இதையே சொல்வேன். எங்கள் வீட்டில் போகி என்றால் வேப்பிலை, ஆவாரம்பூ, பூளைப்பூ வைத்துக் காப்புக் கட்டுவதுதான். பழைய டயரைத் தெருவில் போட்டு எரிப்பது எந்த ஊர்ச் சம்பிரதாயமோ தெரியவில்லை.

போனில் காற்றுத் தரக் குறியீடு (AQI, எண் கூடினால் காற்று மோசம்) பார்ப்பவர்கள் செய்யும் தவறு கொஞ்சம் நுட்பமானது. 2015 முதல் நம் நாட்டில் புழங்கும் இந்த எண் பெரும்பாலும் 24 மணி நேர சராசரி. காலை ஏழு மணிப் புகையை மத்தியானத்து நல்ல காற்று சமன்செய்துவிடும். "திருப்தி" என்று பச்சை காட்டுகிறதே என்று விடியலில் ஓடப்போகக் கூடாது. இன்னொன்று, சில செயலிகள் அமெரிக்க அளவுகோலில் எண் காட்டும். ஒரு கனமீட்டர் காற்றில் 60 மைக்ரோகிராம் நுண்துகள் (2.5 மைக்ரானும் அதற்குக் கீழும்) இருந்தால் இந்தியக் கணக்கில் 100, அமெரிக்கக் கணக்கில் 150-ஐத் தாண்டும். காற்று ஒன்றுதான். இரண்டு போனை வைத்துக்கொண்டு சண்டை போட வேண்டாம்.

கைக்குட்டையும் துப்பட்டாவும் தூசுக்கு ஓரளவு உதவும், இந்த நுண்துகளுக்கு உதவாது. முகத்தில் ஒட்டிப் பொருந்தும் என்95 முகக்கவசம் வேண்டும்.

வெளியே புகை என்று கதவைச் சாத்திவிட்டு உள்ளே கொசுவர்த்தி கொளுத்துவதைப் பற்றி என்ன சொல்ல? ஒரு சுருள் முழுக்க எரிந்தால் 75 முதல் 137 சிகரெட் விடும் அளவு நுண்துகள் வரும் என்று 2003-இல் வெளியான ஓர் ஆய்வு கணக்கிட்டது. கொசுவலை கட்டுங்கள்.

"சரி, ஏற்காட்டுக்குப் போய்விட்டால் தப்பிக்கலாம்" என்பதும் பாதிதான் உண்மை. சுமார் 1,500 மீட்டர் உயரம், பனிக்காலத்தில் அந்தப் போர்வைக்கு மேலே நிற்பீர்கள். மாசி, பங்குனியில் கதை வேறு. இலையுதிர்ந்த அடிவாரக் காட்டில் சருகும் உண்ணிச்செடியும் காய்ந்து கிடக்கும். கொண்டை ஊசி வளைவில் அணைக்காமல் வீசும் ஒரு பீடித்துண்டு போதும், சரிவு முழுக்கப் பிடித்துக்கொள்ளும். பகலில் சரிவை ஒட்டி மேலே ஏறும் காற்று அந்தப் புகையை நேராக ஏற்காட்டுக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும். இருட்டியதும் காற்று திரும்பும், மிச்சப் புகை சேலத்துக்கு இறங்கும்.