சாரல் காலத் தலைபாரம்: முதலில் மூக்கு திறக்கட்டும்

ஆனி பிறந்து ஆரியங்காவுக் கணவாய் வழியாகக் காற்று இறங்க ஆரம்பித்தால் செங்கோட்டையில் எங்கள் தெருவில் பாதிப்பேர் நெற்றியைப் பிடித்துக்கொண்டுதான் இருப்போம். செருப்பு மாட்டக் குனிந்தால் புருவத்துக்கு மேலே விண்ணென்று தெறிக்கும், கன்னத்து எலும்பும் மேல்வரிசைப் பல்லும் சேர்ந்து வலிக்கும். தலையில் நீர் கோத்துக்கொண்டது என்போம். உண்மையில் முக எலும்புக்குள் நெற்றி, கன்னம், மூக்கோரம் என்று இருக்கிற சைனஸ் என்கிற காற்றறைகளில்தான் தேக்கம். சளிபிடித்து உள்சதை வீங்கியதும் அவற்றின் சின்ன வாசல் அடைபடுகிறது, சளி உள்ளேயே நின்றுவிடுகிறது. அதனால் நெற்றியில் எதைத் தடவலாம் என்று பார்ப்பதற்கு முன்னால் மூக்கைத் திறக்க வழி பாருங்கள்.

அதற்கு, என் அனுபவத்தில், உப்புத் தண்ணீருக்கு இணை எதுவும் இல்லை. கால் லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீரில் அரை டீஸ்பூன் அயோடின் சேர்க்காத உப்பு, எரியாமல் இருக்க ஒரு சிட்டிகை ஆப்பசோடா. மூக்குக் கழுவும் பாட்டில் மருந்துக்கடையில் கிடைக்கும். வாஷ்பேசினில் குனிந்து தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து, மேலே இருக்கிற மூக்குத்துளையில் மெதுவாக விடுங்கள், வாயால் மூச்சு விடுங்கள். அடுத்த துளை வழியாக முதலில் சொட்டும், அப்புறம் கெட்டிச் சளியோடு வழியும். அந்த நிமிஷமே புருவம் லேசாவது தெரியும்.

ஆனால் தண்ணீர் விஷயத்தில் கெஞ்சிக் கேட்கிறேன். தளதளவென்று குறைந்தது 1 நிமிஷமாவது கொதித்து ஆறிய தண்ணீர் மட்டும்தான். குழாய்த் தண்ணீரோ கிணற்றுத் தண்ணீரோ அப்படியே வேண்டாம். பக்கத்தில் கேரளாவில் 2024லும் 2025லும் அமீபா மூளைக்காய்ச்சலில் உயிர்கள் போனதை நாம் எல்லோருமே கேட்டோம். மூளையைத் தின்னும் அமீபா என்கிறார்களே, அது மூக்கு வழியாகத்தான் ஏறுகிறது, குடித்தால் வராது. பாட்டிலையும் ஒவ்வொரு முறையும் கழுவிக் காயவையுங்கள்.

அடுத்தது வேது. நொச்சி இலை ஒரு கைப்பிடி, மஞ்சள்தூள் கொஞ்சம். கொதித்த பானையை அடுப்பிலிருந்து இறக்கி, ஆடாத இடத்தில் வைத்து, துண்டால் மூடி 5 முதல் 10 நிமிஷம் ஆவி பிடித்தால் போதும். இது நோயை ஆற்றாது, சளியை இளக்கிச் சுகம் கொடுக்கும், அவ்வளவுதான். முடிந்ததும் ஒவ்வொரு பக்கமாக மெல்லச் சிந்துங்கள். சின்னப் பிள்ளைகளைப் பானைக்கு முன்னால் உட்கார வைக்கவே கூடாது, கொதிதண்ணீர் கவிழ்ந்து வெந்துபோகும்.

சுக்கை உரசிப் பற்றுப் போடுகிறவர்கள் எரிச்சல் தொடங்கியதும் கழுவிவிடுங்கள். ராத்திரி முழுக்க விட்டு எனக்கு நெற்றித் தோல் உரிந்திருக்கிறது. மலைக்கு அந்தப் பக்கம் கேரளாவில் குளித்துத் துவட்டியதும் உச்சியில் ராஸ்னாதி என்கிற ஆயுர்வேதப் பொடியை ஒரு சிட்டிகை தேய்ப்பார்கள், எங்கள் வீட்டிலும் அந்தப் பழக்கம் தொற்றிக்கொண்டது, தலைக்கு இதமாக இருக்கிறது. சுக்கு, மல்லி, மிளகு தட்டிப்போட்டுக் கருப்பட்டியோடு ஒரு காப்பி, படுக்கும்போது தலைக்கு ஒரு தலையணை கூடுதல். மூக்கடைப்புச் சொட்டுமருந்தை 3 நாளுக்கு மேல் இழுக்காதீர்கள், அடைப்பு திரும்ப வந்து முன்னைவிட மோசமாகும்.

கெட்டிச் சளியே இல்லாமல், வெளிச்சமும் சத்தமும் தாங்காமல், குமட்டலோடு வலித்தால் அது பெரும்பாலும் சைனஸ் இல்லை, ஒற்றைத் தலைவலி. பலர் வருஷக்கணக்கில் அதற்குத்தான் வேது பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். அதற்கு மருந்தே வேறு, டாக்டரிடம் கேளுங்கள்.

சைனஸ் என்றாலும் 10 நாளில் குறையவில்லை, அல்லது குறைந்த மாதிரி இருந்து திரும்பக் காய்ச்சலோடு கூடுகிறது என்றால் டாக்டரைப் பாருங்கள். கண்ணைச் சுற்றி வீக்கம், பார்வை இரண்டாகத் தெரிவது, கழுத்து விறைப்பு, பேச்சில் குழப்பம், இதில் ஒன்று இருந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்காமல் அப்போதே ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிவிடுங்கள்.