முதல் பைக்: மாணவர்கள் செய்யும் தவறுகள், நானும் செய்த தவறுகள்

போன மாதம் ஒரு கல்லூரிப் பையன் பைக்கைத் தள்ளிக்கொண்டே வந்து என் முன்னால் நிறுத்தினான். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. "நல்லாத்தான் ஓடிக்கிட்டிருந்துச்சுண்ணே, திடீர்னு நின்னுடுச்சு" என்றான். கிக்கரில் காலை வைத்து அழுத்தினேன். சுவரை மிதிப்பது போல இருந்தது. விஷயம் அப்போதே புரிந்துவிட்டது. இருந்தாலும் கேட்டேன்.

"ஆயில் கடைசியா எப்போ பார்த்தே?"

"மாத்தி ரெண்டு மாசந்தாண்ணே ஆச்சு."

"மாத்தினதைக் கேக்கலை. பார்த்ததைக் கேட்டேன்."

பதில் இல்லை. இருபது வருடத்துக்கு முன்னால் என்னிடமும் ஒரு மெக்கானிக் இதையே கேட்டார். நானும் இதே பதிலைச் சொல்லிவிட்டு, இதே மாதிரி தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அதன் பிறகுதான் இந்த மெக்கானிக் தொழிலுக்கே வந்தேன் என்று வையுங்கள்.

ஹெல்மெட் போடுங்கள், லைசென்ஸ் எடுங்கள், குடித்துவிட்டு ஓட்டாதீர்கள் என்றெல்லாம் எழுதப் போவதில்லை. அது தெரியாதவர் யாரும் இல்லை. எல்லாம் தெரிந்தவர்களே சறுக்குகிற சில இடங்கள் இருக்கின்றன. அவற்றை மட்டும் சொல்கிறேன்.

கையிலிருக்கும் பணம் முழுவதையும் வண்டிக்கே கொடுப்பது

பேரம் பேசி விலையைக் குறைத்த சந்தோஷத்தில் பையைத் துடைத்துக் கொடுத்துவிட்டு வருகிறார்கள். பழைய வண்டி என்றால் முதல் மாதத்திலேயே கேட்க ஆரம்பிக்கும்: செயின் செட், பிரேக் ஷூ, கிளட்ச் கேபிள், பேட்டரி, சில நேரம் இரண்டு டயரும். கையில் காசில்லாததால் "அடுத்த மாசம் பார்த்துக்கலாம்" என்று பிரேக்கைத் தள்ளிப்போடுகிறார்கள். கேபிள் தள்ளிப்போனால் வழியில் நிற்க வேண்டும், அவ்வளவுதான். பிரேக் தள்ளிப்போனால் கதை வேறு. இருக்கிற பணத்தில் ஐந்தில் ஒரு பங்கை எடுத்து வைத்துவிட்டு, மீதிக்கு என்ன வண்டி வருமோ அதைத் தேடுங்கள். நம் ஆசைக்குக் கொஞ்சம் கீழேதான் வரும். பரவாயில்லை.

இதில் இன்னொன்று. வண்டியோடு பழைய ஹெல்மெட்டையும் இலவசமாகக் கொடுத்தால் வாங்கி மாட்டிக்கொள்ளாதீர்கள். உள்ளே இருக்கும் தெர்மாகோல் ஒரு அடியைத் தாங்குவதற்காக வைத்தது. ஒருமுறை நசுங்கினால் பழையபடி எழும்பாது. வெளியே ஓடு பளபளவென்று இருக்கும். அது ஏற்கெனவே அடி வாங்கியதா என்று உங்களுக்குத் தெரியப் போவதில்லை.

சூடான இன்ஜினைக் கேட்டு ஏமாறுவது

வண்டி பார்க்கப் போனதும் எல்லோரும் முதலில் டேங்கைத் தடவுகிறார்கள். நான் புறங்கையை இன்ஜின் பக்கம் கொண்டுபோவேன். சூடு அடித்தால், நான் வருவதற்கு முன்னாலேயே ஓட்டி வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். சூடான இன்ஜின் நிறைய பொய் சொல்லும். அரை உதையில் கிளம்பும், சத்தம் சீராக இருக்கும், புகை வராது. ஆறட்டும் என்று சொல்லிவிட்டு ஒரு மணி நேரம் கழித்து வாருங்கள். முடிந்தால் மறுநாள் காலையில் போங்கள். "நான் வர்ற வரைக்கும் ஸ்டார்ட் பண்ணாதீங்க" என்று முன்கூட்டியே சொல்லிப் பாருங்கள். அதற்கு அவர் முகம் எப்படி மாறுகிறது என்பதும் ஒரு தகவல்தான்.

ஆறிய வண்டியை உதைக்கும்போது சைலன்சர் பக்கம் ஒருவரை நிறுத்துங்கள். குளிரில் வெள்ளையாக வந்து உடனே மறைந்தால் வெறும் நீராவி. கிளம்பும்போது மட்டும் நீலமாக ஒரு கொத்து வந்து நின்றால் வால்வு சீல் தேய்ந்திருக்கும். ஆக்ஸிலேட்டரைத் திருகத் திருக நீலப் புகை கூடினால் பிஸ்டன் ரிங் போயிருக்கிறது. அந்த வண்டி பெட்ரோலோடு ஆயிலையும் சேர்த்துக் குடிக்கும்.

மீட்டரை நம்புவது

ஒரு பெண் பார்த்துவைத்த வண்டியில் மீட்டர் 9,000 கிலோமீட்டர் காட்டியது. கியர் லீவர் நுனியில் ரப்பர் தேய்ந்து உள்ளே இரும்பு தெரிந்தது. ஃபுட்ரெஸ்ட் ரப்பரில் வரிகளே இல்லை. "ஒன்பதாயிரத்துக்கு இவ்வளவு மிதிக்க முடியாதும்மா" என்றேன். மீட்டரை மாற்றலாம், கேபிளைக் கழற்றிவிட்டும் ஓட்டலாம். காலும் கையும் படுகிற இடங்களை மாற்ற யாருக்கும் தோன்றாது.

பெயர் மாற்றம்

பணம் கொடுக்கும் அன்றே வேலையைத் தொடங்குங்கள். பேப்பரில் இருக்கும் சேசிஸ் நம்பரையும் இன்ஜின் நம்பரையும் வண்டியில் அடித்திருப்பதோடு எழுத்து எழுத்தாக ஒப்பிடுங்கள். "அப்புறம் பார்த்துக்கலாம்" என்பவரிடம் வண்டியையும் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

ஆயிலை மாற்றிவிட்டு மறந்துவிடுவது

என் எரிச்சலுக்கு வருகிறேன்.

மாற்றுவது வேறு, பார்ப்பது வேறு. மாற்றுவதை எல்லோரும் செய்கிறார்கள். சர்வீஸ் அட்டையில் கிலோமீட்டர் எழுதித் தருகிறார்கள், அது வந்ததும் போய் நிற்கிறார்கள். இடையில் உள்ளே எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. கேட்டால் "கீழ ஒரு சொட்டுகூட விழலையேண்ணே" என்கிறார்கள். ரிங் தேய்ந்த வண்டியில் ஆயில் கீழே விழ வேண்டிய அவசியமே இல்லை. உள்ளேயே எரிந்து சைலன்சர் வழியாகப் போய்விடும். தரை சுத்தமாக இருக்கும், இன்ஜின் காய்ந்திருக்கும்.

இந்தச் சின்ன வண்டிகளில் மொத்த ஆயிலே ஏறக்குறைய ஒரு லிட்டர்தான். அதே ஆயில்தான் பிஸ்டனுக்கும், கியர் பாக்ஸுக்கும், கிளட்சுக்கும். காற்றில் ஆறுகிற இன்ஜின் என்றால் சூட்டை இறக்குவதிலும் அதற்குப் பங்கு உண்டு. நிமிடத்துக்கு 6,000 சுற்றில் ஓடினால் பிஸ்டன் ஒரு நொடிக்கு 100 தடவை ஏறி இறங்குகிறது. நடுவில் இருப்பது மெல்லிய ஓர் ஆயில் படலம். ஒரு லிட்டரில் 400 மில்லி காணாமல் போனால் மிச்சம் இருப்பது எப்படிச் சமாளிக்கும்?

லைட் எரியுமே என்பார்கள். நிறைய சின்ன பைக்குகளில் ஆயிலுக்கு லைட்டே கிடையாது. இருக்கிற வண்டிகளிலும் பெரும்பாலும் அது அழுத்தத்தைப் பார்த்து எரிவது, அளவைப் பார்த்து அல்ல. அது எரியும் நேரத்தில் பம்ப் காற்றை உறிஞ்ச ஆரம்பித்திருக்கும்.

என் கதை இது. இரண்டு விடுமுறைகள் வேலை பார்த்துச் சேர்த்த பணத்தில் ஒரு பழைய 100 சிசி வண்டி வாங்கினேன். ஆயில் மாற்றி ஆறு வாரம் ஆகியிருந்தது. பின்னால் நண்பனை ஏற்றிக்கொண்டு நீண்ட பயணம். மூன்றாவது மணி நேரத்தில் சத்தம் மாறியது. டிக் டிக் என்று ஏதோ தட்டுவது போல. ஆக்ஸிலேட்டரைத் திருகினால் வண்டி இழுக்கவில்லை. "எதிர்க்காத்துடா" என்றான் நண்பன். நானும் நம்பினேன், ஏனென்றால் நிற்க மனமில்லை. அடுத்த இரண்டு நிமிடத்தில் பின் சக்கரம் அப்படியே பூட்டிக்கொண்டது. கிரீச்சென்று வண்டி பக்கவாட்டில் இழுத்தது. பயத்தில் கை தானாகக் கிளட்சைப் பிடித்தது, சக்கரம் விடுபட்டது. அந்தப் பிடி விழாமல் போயிருந்தால் இதை எழுத நான் இருந்திருப்பேனா தெரியாது. ஓடும்போது இன்ஜின் சத்தம் மாறி இழுவை குறைந்தால் விரல்கள் கிளட்ச் மேல் இருக்கட்டும், வண்டி ஓரம் போகட்டும்.

ஆனால் பணம் போனது அங்கே இல்லை. பணம் போனது அதற்கு அடுத்த முட்டாள்தனத்தில். அரை மணி நேரம் கழித்து கிக்கர் இறங்கியது. இரண்டு பேரும் துள்ளினோம். ஒருவரிடம் கெஞ்சி ஆயில் வாங்கி ஊற்றினோம், உதைத்தோம், கிளம்பியது! அப்படியே இன்னும் 60 கிலோமீட்டர் ஓட்டினோம்.

நடந்தது இதுதான். அலுமினிய பிஸ்டன் சூட்டில் விரிந்து சிலிண்டர் சுவரைக் கவ்விக்கொண்டது. ஆறியதும் சுருங்கி விட்டுவிட்டது. விட்டதே தவிர, சுவரில் நீளநீளமாகக் கீறல் போட்டுவிட்டுத்தான் விட்டது. அங்கேயே நிறுத்தி வண்டியை ஏற்றிக்கொண்டு போயிருந்தால் சிலிண்டரைக் கடைந்து புது பிஸ்டன் போட்டு முடித்திருக்கலாம். 60 கிலோமீட்டர் ஓட்டியதில் அலுமினியத் துகள்கள் ஆயிலில் கலந்து கிராங்க் பேரிங் வரை போய்விட்டன. வண்டி வாங்கிய விலையில் பாதிக்கு மேல் செலவு. மூன்று மாதம் வகுப்புக்கு நடந்தே போனேன். சீஸ் ஆன, அதாவது பிஸ்டன் இப்படிக் கவ்விக்கொண்ட வண்டி ஆறியதும் கிளம்பினால் அது அதிர்ஷ்டம் என்று நினைக்காதீர்கள். உதைக்கவே உதைக்காதீர்கள்.

இத்தனையும் தவிர்க்க வாரத்துக்கு மூன்று நிமிடம் போதும். இன்ஜினை இரண்டு மூன்று நிமிடம் ஓடவிட்டு நிறுத்துங்கள். ஆயில் கீழே வடிய இன்னொரு இரண்டு நிமிடம் பொறுங்கள். சமதரையில் வண்டியை நேராக, சென்டர் ஸ்டாண்டில் நிறுத்துங்கள். சைடு ஸ்டாண்டில் சாய்த்துப் பார்த்தால் ஆயில் ஒரு பக்கமாக ஒதுங்கித் தப்பு அளவு காட்டும். ஆயில் அளவு பார்க்கும் குச்சியான டிப்ஸ்டிக்கைக் கழற்றித் துணியில் துடைத்து மறுபடி விட்டு எடுங்கள். பல வண்டிகளில் மரையைத் திருகாமல் சும்மா உட்கார வைத்துத்தான் பார்க்க வேண்டும், சிலவற்றில் திருக வேண்டும். உங்கள் வண்டிக்கு எது என்று கையேட்டில் படம் போட்டிருப்பார்கள். இரண்டு கோடுகளுக்கு நடுவே நனைந்திருந்தால் சரி. டிப்ஸ்டிக் இல்லாமல் கண்ணாடி வைத்த வண்டி என்றால் இன்னும் சுலபம், குனிந்து பார்த்தால் போதும். குறைந்தால் அதே கிரேடு ஆயிலைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுங்கள். பயத்தில் மேல் கோட்டைத் தாண்டி ஊற்றினால் ஆயில் நுரைக்கும், சீல் வழியாகக் கசியும்.

டிப்ஸ்டிக்கைப் பற்றி இவ்வளவு பேசியும், போன வருடம் ஒருவன் "அது எங்கண்ணே இருக்கு?" என்று கேட்டான். வண்டி வாங்கி இரண்டு வருடம் ஆகியிருந்தது.

கார் ஆயில் ஊற்றுவது

வீட்டில் மிச்சம் இருந்ததாம். பெரும்பாலான பைக்குகளில் கிளட்ச் பிளேட் ஆயிலிலேயே ஊறியபடி வேலை செய்கிறது. கார் ஆயில்கள் சிலவற்றில் உராய்வைக் குறைக்கும் மருந்து சேர்த்திருப்பார்கள். அது பிளேட்டையும் வழுக்க வைக்கும். இன்ஜின் அலறும், வண்டி நகராது. இதற்காகவே ஜப்பானில் 1998-ல் ஜாசோ எம்ஏ, எம்பி என்ற தரக்குறிகள் வந்தன. கியர் பைக்குக்கு டப்பாவில் ஜாசோ எம்ஏ அல்லது எம்ஏ2 என்று இருக்க வேண்டும். எம்பி என்றிருப்பது ஸ்கூட்டருக்கானது.

செயினை இறுக்குவது

தொங்கினால் அசிங்கமாக இருக்கிறதாம். நீங்கள் ஏறி உட்கார்ந்ததும் பின் ஷாக் அமுங்கி செயின் தானாக இறுகும். அதற்குத்தான் தளர்வு விடுவது. சின்ன வண்டிகளில் கீழ்ச் செயினின் நடுப்பகுதி பொதுவாக 20 முதல் 30 மில்லிமீட்டர் வரை ஆட வேண்டும். சரியான அளவு கையேட்டில் இருக்கும். கம்பி மாதிரி இறுக்கினால் கியர் பாக்ஸ் பேரிங் போகும்.

இன்ஜினை ஓடவிட்டு செயினைத் துணியால் துடைக்காதீர்கள். என்னோடு வேலை பார்த்த ஒருவருக்கு இடது கையில் நான்கு விரல்தான்.

டயரின் வயது

பட்டன் நன்றாக இருக்கிறதே என்று ஏமாறாதீர்கள். டயர் பக்கச் சுவரில் சின்ன நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019-ம் வருடத்தின் 23-வது வாரம் செய்தது. நிறுத்தியே வைத்த வண்டியில் டயர் தேயாது, ஆனால் ரப்பர் கெட்டிப்படும், வெடிப்பு விடும், ஈரத்தில் பிடிக்காது.

"நான் நல்லா ஓட்டுவேன்"

நண்பன் வண்டியில் பழகியிருப்பீர்கள். புது வண்டியின் எடை, பிரேக் கடி, கிளட்ச் பிடிக்கும் இடம் எல்லாம் வேறு. அமெரிக்காவில் ஹாரி ஹர்ட் என்பவர் தலைமையில் லாஸ் ஏஞ்சலிஸில் 900 பைக் விபத்துகளை நேரில் போய் ஆராய்ந்து 1981-ல் அறிக்கை கொடுத்தார்கள். விபத்தில் சிக்கியவர்களில் பாதிப்பேருக்கு மேல், அந்த வண்டியை ஓட்டி ஐந்து மாதம்கூட ஆகியிருக்கவில்லை. முதல் வண்டியில் சிசி குறைவாக இருக்கட்டும், இரண்டு காலும் தரையில் ஊன்றட்டும்.

இரவல்

கொடுக்காதீர்கள்.

சைலன்சர் மாற்றுவது

வேண்டாம்.

அந்தப் பையனின் வண்டி இப்போது ஓடுகிறது. நல்லவேளை, ஆறிய பிறகு அவன் உதைத்துப் பார்க்கவில்லை, தள்ளிக்கொண்டே வந்துவிட்டான். சிலிண்டரைக் கடைந்து பிஸ்டன் மாற்றியதோடு முடிந்தது. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் டிப்ஸ்டிக்கைப் படம் எடுத்து எனக்கு அனுப்ப வேண்டும் என்று சொல்லியிருந்தேன். போன வாரமும் அனுப்பினான். ஆயில் இரண்டு கோட்டுக்கும் சரியாக நடுவில் நனைந்திருந்தது. படத்தில் பின்னால் வண்டி சைடு ஸ்டாண்டில் சாய்ந்து நின்றது.