தேய்ந்த ஸ்பிண்டிலை மீட்டது இப்படித்தான்

அம்பத்தூரில் எங்கள் பட்டறை. அப்பா காலத்து கிரைண்டிங் மிஷினில் எதை ஓட்டினாலும் அலை அலையாகக் கோடு விழுந்தது. சக்கரத்தின் முகத்தைச் சீவி டிரெஸ் செய்தும் மாறவில்லை. சக்கரத்தைச் சுழற்றும் தண்டான ஸ்பிண்டிலைக் கழற்றினால், அதில் இறுக்கமாக இருக்க வேண்டிய பேரிங் (அளவு எண் 6205) கையாலேயே உருவி வந்தது! தண்டில் பேரிங் உட்காரும், 25 மி.மீ. விட்டம் இருக்க வேண்டிய இடம் மைக்ரோமீட்டரில் 24.96. பேரிங்கின் உள்வளையம் வழுக்கிச் சுற்றியே தண்டைத் தேய்த்திருக்கிறது.

பஞ்ச் அடித்து மேடாக்கலாம் என்றார் ஃபிட்டர் அண்ணன். "வேண்டாம்ணே, ரொம்ப நாள் தாங்காது" என்றேன். வெல்டிங் வைத்தால் சூட்டில் தண்டு வளையும். அதனால் ஹார்டு குரோம் (கடினமான குரோமிய முலாம்) ஏற்றி, சென்டர்களுக்கு (தண்டின் இரு முனைகளையும் தாங்கும் கூர்முனைகள்) இடையே பிடித்து 25.005 மி.மீ.-க்கு கிரைண்ட் செய்தோம். அதற்கு முன், அந்தக் கூர்முனைகள் உட்காரும் சென்டர் துளைகளைத் துடைத்தே ஆக வேண்டும். துளி அழுக்கு இருந்தாலும் வட்டம் கெட்டுவிடும். அப்புறம் புது பேரிங்கைச் சுமார் 80 டிகிரிக்குச் சூடாக்கி ஏற்றினோம். தண்டைச் சுற்றிப் பார்த்தால், ஆட்டத்தைக் காட்டும் டயல் கேஜ் முள் இப்போது 3 மைக்ரானுக்குள் (மைக்ரான் என்பது மி.மீ.-இல் ஆயிரத்தில் ஒரு பங்கு) நிற்கிறது. பார்க்கப் பார்க்க மனசு நிறைகிறது.