கடலில் தீவு போடுவது எப்படி: வேலைக்குப் போகும் தம்பிகளுக்கு

சிவில் முடித்துவிட்டு வளைகுடாவில் தீவு போடும் வேலைக்குக் கிளம்புகிற பையன்கள் கேட்பது ஒன்றுதான்: "ஊரு பூரா பாலைவன மணல் கிடக்கே அண்ணே, எதுக்குக் கடலுக்குள்ள தோண்டணும்?"

பாலைவன மணல் காற்றில் உருண்டு உருண்டு வழவழப்பாகிவிட்டது. தண்ணீருக்குள் கொட்டினால் ஒன்றையொன்று பிடிக்காது. கடலடி மணல் சொரசொரப்பானது, இறுகும். துபாயில் 2001இல் தொடங்கிய, பனைமர வடிவத் தீவான பாம் ஜுமைராவுக்கு ஏறக்குறைய 9.4 கோடி கன மீட்டர் மணலைக் கடலடியிலிருந்துதான் உறிஞ்சினார்கள். எனவே நல்ல மணல் எவ்வளவு தொலைவில் கிடைக்கிறது என்று முதலில் பாருங்கள். வரும் மணலைச் சலித்துப் பாருங்கள். வண்டல் கூடுதலாக இருந்தால் வாங்கிக்கொள்ளாதீர்கள், யார் போன் போட்டாலும் சரி.

அடுத்தது அலைத்தடுப்பு. தீவு உயர உயரக் கூடவே இதுவும் உயர வேண்டும். வடமேற்கிலிருந்து ஷமால் காற்று அடித்தால் வெறும் மணல்மேடு தாங்காது. ஜுமைராவில் பிறை வடிவத் தடுப்பு மட்டும் 11 கிலோமீட்டர். அடியில் மணல், அதன்மேல் தண்ணீரை விட்டு மணலை மட்டும் பிடித்துவைக்கும் ஜியோடெக்ஸ்டைல் துணி, பிறகு சிறு கற்கள், வெளியே டன் கணக்கில் எடையுள்ள பாறைகள். உங்கள் கண் அந்தத் துணியின் மேலேயே இருக்கட்டும். கிரேன்காரர் அவசரத்தில் கல்லைப் போட்டுத் துணி கிழிந்தால், அலை கல்லிடுக்கு வழியாக மணலை உறிஞ்சிக்கொண்டே இருக்கும், மேலே உள்ள கல் இறங்கும். கல்லை இறக்கி வைக்கச் சொல்லுங்கள், போட விடாதீர்கள்.

தடுப்பில் வாய் விடவும் வேண்டும். ஜுமைராவில் முதலில் பிறையை இடைவெளியே இல்லாமல்தான் திட்டமிட்டார்கள். உள்ளே தண்ணீர் தேங்கும் என்று தெரிந்தபின் இரண்டு இடத்தில் திறந்தார்கள். கோடிகள் கொடுத்து வீடு வாங்கியவர் வாசலில் பாசிக் குட்டையா இருக்க முடியும்?

மணல் கொட்டுவது எளிது. ஆழமான இடத்தில் மணல் உறிஞ்சி வரும் கப்பலின் அடிக்கதவைத் திறந்தால் போதும். ஆழம் குறைந்ததும் முன்பக்கக் குழாய் வழியாக வானவில் போல் பீய்ச்சுவார்கள். எல்லாரும் படம் எடுப்பது இதைத்தான். பார்க்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் கடலில் எல்லைக்கல் கிடையாது, ஜிபிஎஸ் சொல்கிற இடத்தில்தான் மணல் விழ வேண்டும்.

உண்மையான வேலை அதற்குப் பிறகு. புதிதாகக் கொட்டிய மணல், படியில் அளந்து போட்ட அரிசி மாதிரி, தட்டினால்தான் இறங்கும். வைப்ரோ காம்பாக்ஷன் என்று நீளமான இரும்புக் கம்பத்தைக் கிரேனில் தொங்கவிட்டு, தண்ணீர் பாய்ச்சி, அதிரவிட்டு உள்ளே இறக்குவார்கள். கம்பத்தைச் சுற்றித் தரை புனல் போலக் குழியும். லோடர் மணல் தள்ளி நிரப்பும். முக்கோணக் கட்டம் போட்டு ஒவ்வொரு புள்ளியாக இதே வேலை. பிறகு கூம்பு முனையை அழுத்திப் பார்க்கும் சிபிடி சோதனை. இங்கே விற்பனைப் பிரிவு வந்து தேதி கேட்கும். கொடுக்காதீர்கள். எதிர்க்கரை ஈரான், நிலநடுக்க நாடு. இறுகாத ஈரமணல் குலுங்கினால் கூழாகிவிடும்.

பக்கத்துக் கரையையும் அளந்துகொண்டே இருங்கள். சென்னைத் துறைமுகத்துக்குத் தெற்கே மெரினா அகன்றதும் வடக்கே ராயபுரம் பக்கம் கடல் அரித்ததும் நமக்குத் தெரிந்த கதைதானே. மணல் ஓட்டத்தை மறித்தால் யாரோ ஒருவர் கரையை இழப்பார், அந்தக் கரைக்கு மணல் கொட்டும் செலவு உங்கள் கணக்கில் இருக்க வேண்டும்.

கடைசியாகக் குழாயும் கேபிளும். 2003இல் தொடங்கிய துபாயின் 'தி வேர்ல்ட்' ஏறத்தாழ 300 தீவுகள். கரையோடு இணைக்கும் பாலம் கிடையாது. செங்கல்லிலிருந்து குடிநீர் வரை படகில்தான் போயாக வேண்டும். 2008 பொருளாதாரச் சரிவுக்குப் பின் பெரும்பாலானவை மணல் திட்டாகவே கிடந்தன. ஜுமைராவுக்குத் தண்டு போல ஒரு சாலை கரையிலிருந்தே வருகிறது. 2009இல் மோனோரயிலும் வந்தது. ஆகவே தீவின் வடிவத்தை முடிவு செய்யும் கூட்டத்திலேயே கழிவுநீர் எந்த வழியாக வெளியேறும் என்று கேளுங்கள். பதில் வராத வரைபடத்தில் கையெழுத்துப் போடாதீர்கள்.