துவாலுவில் கால்பந்தை வளர்ப்பது எப்படி?

பசிபிக் பெருங்கடலின் நடுவே ஒன்பது தீவுகளாகச் சிதறிக் கிடக்கும் துவாலுவின் மொத்த நிலப்பரப்பு 26 சதுர கிலோமீட்டர். மக்கள்தொகை ஏறத்தாழ 11,000. இத்தகைய நாட்டில் கால்பந்தை வளர்க்கப் பொறுப்பேற்பவர் தேசிய அணியைப் பற்றிய நினைப்பை முதலில் ஒதுக்கிவைக்க வேண்டும். 2007-ஆம் ஆண்டு சமோவாவில் நடந்த தென் பசிபிக் விளையாட்டுப் போட்டிகளில் துவாலு அணி முதல் ஆட்டத்தில் பிஜியிடம் 16-0 என்று தோற்றது. அடுத்த ஆட்டத்தில் நியூ கலிடோனியாவிடம் 1-0 என்று மட்டுமே தோற்றது. அதற்கடுத்து ஆகஸ்ட் 29 அன்று தாஹிட்டியுடன் 1-1 என்று சமன் செய்தது. சில நாட்களுக்குள் எவருடைய திறமையும் அவ்வளவு மாறிவிடாது. அந்த வீரர்களுக்குக் குறைவாக இருந்தது ஆட்ட அனுபவமே என்பது என் உறுதியான எண்ணம். ஆகவே ஆண்டு முழுவதும் ஆட்டங்கள் நடக்க வழிசெய்வதே முதல் வேலை.

அதற்கு இடம் வேண்டும், சிக்கலே அங்குதான். தலைநகரான ஃபுனாஃபுட்டியில் உள்ள ஒரே அரங்கத்தை எல்லோருமே பயன்படுத்த வேண்டியிருக்கிறது. பவளச் சரளையின் மேல் புல் எளிதில் வேர்பிடிப்பதில்லை. மக்கள் குடிப்பதே கூரையிலிருந்து வடித்துச் சேமிக்கும் மழைநீர் என்பதால், தண்ணீர் பாய்ச்சிப் புல் வளர்க்கும் திட்டத்தைக் கையிலெடுப்பது நியாயமுமில்லை. 2011-இல் கடும் வறட்சியால் அங்கு நெருக்கடிநிலையே அறிவிக்கப்பட்டது. மாலையில் இளைஞர்கள் விமான ஓடுபாதையில் பந்து விளையாடுகிறார்கள். விமானம் வரும்போது சைரன் ஒலித்ததும் விலகிக்கொள்கிறார்கள். முழு அளவு மைதானத்துக்குக் காத்திராமல், 40-க்கு 20 மீட்டர் அளவில் காங்கிரீட் தளம் போட்டு, அணிக்கு ஐந்து பேர் ஆடும் ஃபுட்சாலில் தொடங்குவது நல்லது. கடல் உப்பில் இரும்புக் கோல் கம்பம் விரைவில் துருப்பிடித்துவிடும் என்பதால் அலுமினியமோ மரமோ பயன்படுத்துங்கள். பந்துகளைத் தேவைக்கு மேலாகவே வரவழையுங்கள், ஏனெனில் சரளையில் அவற்றின் தோல் சீக்கிரம் உரிந்துவிடும். இதே வட்டாரத்தைச் சேர்ந்த சாலமன் தீவுகள், 2008 முதல் 2021 வரை ஃபுட்சால் உலகக் கோப்பைகளில் ஆடி, சிறிய தளத்திலிருந்தும் உலக அரங்குக்குப் போக முடியும் என்று காட்டியிருக்கிறது.

அடுத்து சிறுவர்கள். ஓசியானியாக் கால்பந்துக் கூட்டமைப்பு 2009-இல் தொடங்கிய ‘ஜஸ்ட் ப்ளே’ திட்டம் 6 முதல் 12 வயதுக் குழந்தைகளுக்கானது. பந்துகளும் கூம்புகளும் பயிற்சிக் கையேடும் அடங்கிய பையை வைத்துக்கொண்டு சாதாரணப் பள்ளி ஆசிரியரே அதை நடத்த முடியும். சிறுமிகளை முதல் நாளிலிருந்தே சேர்த்துக்கொள்ளுங்கள்; இவ்வளவு சிறிய மக்கள்தொகையில் பாதிப் பேரை வெளியே நிறுத்திவிட்டு எந்த லீக்கும் நிலைக்காது. வெளித்தீவுகளுக்குக் கப்பலில்தான் போக வேண்டும் என்பதால் வாரந்தோறும் தீவுகளுக்கிடையே போட்டி நடத்துவது இயலாது. வைடுபு தீவில் உள்ள மோட்டுஃபோவா உறைவிடப் பள்ளியில் எல்லாத் தீவுகளின் பிள்ளைகளும் ஒன்றாகத் தங்கிப் படிக்கிறார்கள். பள்ளிப் பருவம் முழுவதும் அங்கு ஒரு லீக் நடத்தினால் நாடு முழுவதையும் ஒரே இடத்தில் எட்டிவிடலாம். ஒவ்வொரு தீவிலும் பெரியவர்கள் கூடும் ஃபலேகௌபுலே சபையிடம் முதலில் பேசி ஒப்புதல் பெறுங்கள்; அவர்கள் ஏற்காத போட்டிக்கு ஊர் திரளாது.

பயிற்றுநரை வெளியிலிருந்து அழைக்கலாம். 2011-இல் நெதர்லாந்தின் ஃபொப்பே டி ஹான் வந்து பயிற்சியளித்த துவாலு அணி, பசிபிக் விளையாட்டுப் போட்டிகளில் அமெரிக்க சமோவாவை 4-0 என்று வென்றது. ஆனால் வருகிற பயிற்றுநர் ஒவ்வொருவருடனும் உள்ளூர் உதவியாளர்கள் இருவரையாவது முழுநேரமும் இருக்கச் செய்யுங்கள். அவர் புறப்பட்ட பிறகு பயிற்சியைத் தொடரப்போகிறவர்கள் அவர்கள்தான். நடுவர்களையும் இப்படியே உள்ளூரிலேயே உருவாக்க வேண்டும்.

துவாலு 2006 முதல் ஓசியானியாக் கூட்டமைப்பின் இணை உறுப்பினராக மட்டுமே இருக்கிறது. ஃபிஃபா உறுப்பினர் இல்லை என்பதால் பிற நாட்டுச் சங்கங்களுக்குக் கிடைக்கும் வளர்ச்சி நிதி இதற்குக் கிடைப்பதில்லை. உறுப்புரிமைக்கான முயற்சியைத் தொடருங்கள். ஆனால் அடுத்த ஆண்டின் வரவு செலவுத் திட்டத்தை, அந்தப் பணம் வராது என்றே வைத்துப் போடுங்கள்.