குறும்புக்காரச் சிறுவனை ஒற்றைக் கட்டத்தில் வரைவது எப்படி?

நாளிதழில் தினமும் வரும் ஒற்றைக் கட்டச் சித்திரத்துக்கு ஒரு குறும்புக்காரச் சிறுவனை நாயகனாக்க விரும்புகிறவர்கள், அவன் என்னென்ன சேட்டை செய்வான் என்று பட்டியல் போடுவதிலிருந்துதான் பெரும்பாலும் தொடங்குகிறார்கள். அந்தப் பட்டியல் சில வாரங்களில் தீர்ந்துவிடும். ஹேங்க் கெச்சம் என்ற அமெரிக்க ஓவியர் 1951 மார்ச் 12 அன்று 16 நாளிதழ்களில் தொடங்கிய ‘டென்னிஸ் தி மெனஸ்’, அவர் 1994இல் ஓய்வு பெற்று 2001இல் மறைந்த பின்னரும், அவரிடம் பயின்ற ஓவியர்களின் கையால் தொடர்ந்து வந்தது. அந்தப் பையன் செய்த சேட்டைகள் ஏராளம் என்றாலும், அவனை இத்தனை ஆண்டுகள் வாசகர்கள் சலிக்காமல் பார்த்ததற்கு அவனுடைய நல்லெண்ணமே காரணம் என்று நான் உறுதியாக நம்புகிறேன். கீழே சொல்லப்படும் வழிமுறைகள் எல்லாம் அந்த நம்பிக்கையிலிருந்து வருபவை.

கெச்சமுக்கு இந்தப் பாத்திரம் கிடைத்த விதத்திலேயே முதல் பாடம் இருக்கிறது. 1950 அக்டோபரில், கலிஃபோர்னியாவின் கார்மெல் பகுதியில் அவர் வரைந்துகொண்டிருந்த அறைக்குள் மனைவி வந்து, தூங்க வேண்டிய நேரத்தில் தூங்காமல் படுக்கையறையைத் துவம்சம் செய்துவிட்ட நான்கு வயது மகனைப் பற்றிக் கோபமாக முறையிட்டார். மகனின் பெயரும், தாயின் அந்த முறையீட்டில் வந்த ‘மெனஸ்’ (பெருந்தொல்லை) என்ற சொல்லும் சேர்ந்துதான் தலைப்பாயின. ஆகவே வரையத் தொடங்குமுன், உங்களுக்கு நன்றாகத் தெரிந்த ஒரு பிள்ளையைக் கவனியுங்கள். அது உடைத்த பொருளைக் காட்டிலும், உடைப்பதற்கு முன் அதன் மனத்தில் ஓடிய காரணத்தைக் குறித்துக்கொள்வதே பயன் தரும். கடிகாரத்தைப் பிரித்துப் போட்ட பிள்ளை, உள்ளே டிக்டிக்கென்று தட்டிக்கொண்டிருப்பது யார் என்று பார்க்க விரும்பியிருக்கலாம். அந்தக் காரணம் கிடைத்துவிட்டால் சித்திரம் பாதி கிடைத்தது போல.

அடுத்தது வயது. டென்னிஸுக்கு என்றைக்கும் ஐந்தரை வயதுதான். அந்த வயதில் பிள்ளைக்குக் கோவையாகப் பேச வருகிறது. எதை யாரிடம் சொல்லக் கூடாது என்பது மட்டும் இன்னும் பிடிபடவில்லை. அதைவிடச் சின்ன வயது என்றால் வசனம் மழலையாகிவிடும். எட்டு, ஒன்பது வயதுப் பையன் அதையே சொன்னால் அதிகப்பிரசங்கித்தனமாகத் தோன்றும். பில் வாட்டர்சன் என்ற அமெரிக்க ஓவியர் 1985 முதல் 1995 வரை வரைந்த ‘கால்வின் அண்ட் ஹாப்ஸ்’ என்ற பல கட்டத் தொடரின் நாயகன் கால்வினுக்கு ஆறு வயது. அவன் பேச்சில் பெரியவர்களின் சொற்கள் தாராளமாகப் புழங்குகின்றன. ஆயினும் மற்றவர்கள் கண்ணுக்குப் பொம்மையாகத் தெரியும் புலி அவனுக்கு மட்டும் உயிருள்ள தோழனாக இருப்பதால், அவன் சிறுவனாகவே நிற்கிறான். பல கட்டங்கள் கொண்ட தொடரில் கற்பனையையும் நடப்பையும் அடுத்தடுத்து வைத்துக் காட்ட இடமுண்டு. ஒற்றைக் கட்டத்தில் அந்த வசதி குறைவு என்பதால், வயதுக்குரிய பேச்சை மிகக் கவனமாகக் காக்க வேண்டியிருக்கிறது.

இனி நல்லெண்ணத்துக்கு வருவோம். கெச்சமின் டென்னிஸ் தோன்றிய அதே மார்ச் மாதத்தில், பிரிட்டனில் ‘தி பீனோ’ என்ற சிறுவர் வார இதழில், டேவிட் லா வரைந்த வேறொரு டென்னிஸ் அதே தலைப்புடன் தோன்றினான். ஒருவர் செய்தது மற்றவருக்குத் தெரியாது. சிவப்பும் கறுப்புமாகப் பட்டை போட்ட மேல்சட்டையும் சிலிர்த்த தலைமுடியுமாக வந்த அந்தப் பையன், வம்பு என்று தெரிந்தே வம்பு செய்கிறவன். சிறுவர் இதழில் பிள்ளைகள் அவன் பக்கம் நின்று மகிழ்ந்தார்கள். அங்கே அது பொருத்தமும்கூட. நாளிதழை வாங்குகிறவர்களோ பெற்றோர்களும் அண்டை வீட்டுக்காரர்களும். அவர்களைத் தினமும் சிரிக்க வைக்க வேண்டுமானால், பையன் உதவி செய்யப் போய்த்தான் வினையாக முடிய வேண்டும். உண்மையைச் சொல்லப் போய்த்தான் வீட்டின் ரகசியம் வெளியே வர வேண்டும். கெச்சமின் தொடக்ககாலப் படங்களில் டென்னிஸ் இன்னும் முரடனாகவே இருந்தான். போகப் போகத்தான் அவனுடைய வெள்ளை மனம் முன்னுக்கு வந்தது.

பக்கத்து வீட்டு வில்சனிடம் இதைத் தெளிவாகப் பார்க்கலாம். ஓய்வு பெற்ற அந்த மனிதருக்கு வேண்டியதெல்லாம் தோட்டமும் அமைதியும். டென்னிஸ் அவரைச் சீண்டுவதற்காக வேலி தாண்டுவதில்லை. உலகத்திலேயே தனக்கு மிக நெருங்கிய நண்பர் அவர்தான் என்று மனமார நம்பியே வருகிறான். அவர் மனைவி மார்த்தாவோ பையனை அன்போடு உள்ளே அழைத்துத் தின்பண்டம் கொடுப்பவர். விரட்டுகிற கை ஒன்று, வரவேற்கிற கை ஒன்று என இரண்டும் ஒரே வீட்டில் இருப்பதால், பையன் மறுநாளும் வருவதற்குக் காரணம் தேட வேண்டியதே இல்லை. நீங்கள் பாத்திரங்களை அமைக்கும்போதும், தனிமையை விரும்பும் ஒரு பெரியவரையும், துணையை விரும்பும் ஒரு பிள்ளையையும் அருகருகே குடிவையுங்கள்.

பாத்திரங்கள் அமைந்த பின், எந்தக் கணத்தை வரைவது என்ற கேள்வி வருகிறது. புதிதாக வரைகிறவர்கள் அதிகம் சறுக்குவது இங்கேதான். சேட்டை நடந்துகொண்டிருக்கும் கணத்தை வரைந்தால், வாசகர் பார்ப்பதோடு வேலை முடிந்துவிடுகிறது. அதற்குச் சற்று முன்போ சற்றுப் பின்போ நின்றால்தான், நடக்கப் போவதையோ நடந்து முடிந்ததையோ வாசகரே மனத்தில் ஓட்டிப் பார்த்துச் சிரிப்பார். உதாரணத்துக்கு, அப்பாவின் ரேசரை எடுத்துப் பையன் நாய்க்குச் சவரம் செய்தான் என்று வைத்துக்கொள்வோம். நாயின் மேல் நுரை பூசி அவன் இழுத்துக்கொண்டிருப்பதை வரைவது சுலபம். ஆனால் படம் அங்கேயே முடிந்துபோகும். அதற்குப் பதிலாக, குளியலறைக் கண்ணாடி முன் அப்பா பனியனோடு, முகம் முழுக்க நுரையோடு நிற்கட்டும். அவர் கை அலமாரித் தட்டில் ரேசரைத் தேடிக்கொண்டிருக்கட்டும். வாசற்படியில் பையன் ரேசரை நீட்டியபடி நிற்க, அவனுக்குப் பின்னால், கதவோரத்தில், பின்பாதி மழித்துப்போன நாய் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கட்டும்.

இப்போது வசனம். “அப்பா, நான் நாய்க்குச் சவரம் பண்ணிட்டேன்” என்று எழுதினால், படம் சொன்னதையே வசனம் திரும்பச் சொல்கிறது. இரண்டில் ஒன்று வீண். “இது பாதியிலேயே மழுங்கிடுச்சுப்பா, வேற பிளேடு இருக்கா?” என்று எழுதிப் பாருங்கள். பையன் குற்றம் எதையும் ஒப்புக்கொள்ளவில்லை. அவனைப் பொறுத்தவரை ஒரு கருவி பழுதாகிவிட்டது, அதை உரியவரிடம் பொறுப்பாகத் தெரிவிக்க வந்திருக்கிறான். ‘பாதியிலேயே’ என்ற சொல்லைப் படித்ததும் வாசகரின் கண் கதவோரத்து நாய்க்குத் தானாகப் போகிறது. படத்தை மறைத்தால் வசனம் சாதாரணப் பேச்சு. வசனத்தை மறைத்தால் படம் ஒரு புதிர். இரண்டும் ஒன்றையொன்று தாங்கி நிற்பதுதான் ஒற்றைக் கட்டத்தின் இலக்கணம். நம் வார இதழ்த் துணுக்குகள் பலவற்றில் இரண்டு பேர் எதிரெதிரே நின்று பேச, சிரிப்பு முழுவதும் உரையாடலிலேயே இருந்துவிடுகிறது. படம் இல்லாமலே அவற்றைப் படித்துவிடலாம். அந்தப் பழக்கத்தில் ஊறியவர்கள் இந்த ஒரு விஷயத்தை வலிந்துதான் கற்றுக்கொள்ள வேண்டும்.

வரையும் முறையிலும் கெச்சமிடம் கற்க நிறைய இருக்கிறது. நாளிதழுக்கு வருமுன் அவர் வால்டர் லான்ட்ஸ், டிஸ்னி ஆகியோரின் அனிமேஷன் கூடங்களில் வேலை பார்த்தவர். கறுப்பு நிழலாக நிரப்பிவிட்டாலும் உருவம் என்ன செய்கிறது என்று புரிய வேண்டும் என்பது அந்தத் தொழிலின் அடிப்படை விதி. அவர் படங்களில் ஒவ்வொரு உருவத்தின் வெளிக்கோடும் அவ்வளவு தெளிவாக இருக்கிறது. அச்சில் மிகச் சிறிய இடம்தான் கிடைக்கும் என்பதால், அடர்ந்த கறுப்பை ஒரு சோபாவின் மேலோ கோட்டின் மேலோ திட்டமாக வைத்து, பார்வை எங்கே முதலில் விழ வேண்டுமோ அங்கே கொண்டுபோய்ச் சேர்ப்பார். நீங்களும் பென்சில் கோட்டுக்கு மேல் மை போடுமுன், கறுப்பு வரும் இடங்களை மட்டும் சின்னத் துண்டுத்தாளில் நிரப்பிப் பாருங்கள். பார்க்கும் கோணத்தைப் பையனின் கண்மட்டத்துக்குத் தாழ்த்தினால் மேசையும் பெரியவர்களும் ஓங்கி நிற்பார்கள். வாசகர் அவன் பக்கம் சாய்வதற்கு அதுவே போதும். பெரியவரின் முகத்தில் கொந்தளிப்பு வேண்டாம், திகைப்பு போதும். கோபத்தை வாசகர் போட்டுக்கொள்வார்.

தண்டனையைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். 1897 டிசம்பரில் ருடால்ஃப் டர்க்ஸ் ‘நியூயார்க் ஜர்னல்’ நாளிதழில் தொடங்கிய ‘கட்சன்ஜாமர் கிட்ஸ்’ தொடரில், இரட்டையரான ஹான்ஸும் ஃபிரிட்ஸும் வெடி வைப்பதும் கடைசியில் அடி வாங்குவதும் வழக்கம். அதற்கு முன்மாதிரியான வில்ஹெல்ம் புஷ்ஷின் 1865ஆம் ஆண்டு ஜெர்மன் கதையில், இரு சிறுவர்களும் மாவாக அரைக்கப்பட்டு வாத்துகளுக்கு இரையாகிறார்கள். டென்னிஸுக்குக் கிடைப்பதெல்லாம் பெரும்பாலும் அறையின் மூலையில் சுவரைப் பார்த்துப் போட்ட சின்ன ஆடுநாற்காலிதான். அடிக்கும் காட்சியை விட்டுவிடுங்கள். மூலையில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்கு இன்னும் வாய் இருக்கிறது, அங்கிருந்து அவன் சொல்வதை வைத்து இன்னும் எத்தனையோ படங்கள் வரையலாம்.

பிள்ளையின் வெள்ளை மனத்தைப் போர்வையாக்கிப் பெரியவர்களின் இழிவான பார்வையை உள்ளே கொண்டுவருவது மன்னிக்க முடியாதது. 1970இல் கெச்சம் ஜாக்சன் என்ற கறுப்பினச் சிறுவனை, பழைய மேடைக் கேலிக்கூத்துகளின் பாணியில் மிகைப்படுத்திய முகத்தோடு வரைந்தபோது, பல நகரங்களில் வாசகர்கள் கொதித்தெழுந்தார்கள். அவர்கள் கோபம் முற்றிலும் நியாயமானது. அந்தப் படத்தில் கேலி பையனின் வாயிலிருந்து வரவில்லை, ஓவியரின் கோட்டிலேயே இருந்தது. நிறம், சாதி, உடற்குறை, ஏழ்மை ஆகியவற்றை வைத்துச் சிரிப்பு வரவழைக்கும் யோசனை எவ்வளவு கூர்மையாகத் தோன்றினாலும் கிழித்துப்போடுங்கள்.

தினமும் ஒரு படம் என்பது கடுமையான வேலை. கெச்சமே நகைச்சுவை யோசனைகளைப் பிற எழுத்தாளர்களிடம் விலைக்கு வாங்கினார். அதில் இழுக்கு ஏதுமில்லை. கையில் ஒரு சிறு குறிப்பேட்டை வைத்துக்கொண்டு, பிள்ளைகள் கேட்கும் கேள்விகளை அவர்கள் சொன்ன சொல்லிலேயே எழுதி வாருங்கள். வீட்டுக்கு வந்து நினைவிலிருந்து எழுதினால் சொல் பெரியவர்களுடையதாகிவிடும். படம் முடிந்ததும் வசனத்தைத் தாளால் மறைத்து, பிள்ளை வளர்த்த ஒருவரிடம் காட்டுங்கள். அவர் படத்தைப் பார்த்து “என்ன பண்ணினான்?” என்று கேட்க வேண்டும்; தாளை எடுத்ததும் சிரிக்க வேண்டும். கேட்காமலே சிரித்தால் வசனத்தை மாற்றுங்கள். கேட்டும் சிரிக்காவிட்டால், பையனின் காரணம் இன்னும் உங்களுக்கே தெளிவாகவில்லை என்று வைத்துக்கொண்டு குறிப்பேட்டுக்குத் திரும்புங்கள்.